பண்டோர் குலத்தின் பதினான்காம் தலைமுறை

குரோருட், ஒஸ்லோ
9 பெப்ரவரி 2003

அன்புத் தங்கை றோஸுக்கு,

இந்த வருடப் பனி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. மற்றப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் மூச்சிழுப்பு எப்படி? நான் அனுப்பிய கம்பளிக் காலுறையை நீயே போடுகிறாயா, அல்லது ஒறுத்தல் என்று சொல்லி வேறொரு சிஸ்ரருக்குக் கொடுத்துவிட்டாயா? உண்மையை எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். மரியரஞ்சனி ஒருவனைக் கட்டப்போகிறேன் என்கிறாள். நான் பேசிய இடம் எல்லாவற்றையும் முப்பத்துமூன்று வயதுவரை தட்டிவிட்டவள். இவன் தமிழன் இல்லை. தலைப்பாகை கட்டிய பஞ்சாபி, ஹர்கீரத் சிங் என்று பெயர். இங்கே ட்ராம் ஓட்டுகிறான். உன் அத்தான் நில அளவைத் திணைக்களத்தில் அத்தியட்சகராக இருந்தவர் என்பதை உனக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

"எந்த ஊர், ஆருடைய பிள்ளைகள், என்ன ஆக்கள்?" என்று கேட்டேன்.

"அவர் நல்லவர், அம்மா. அதை முதலிலை கேளுங்கோவன்."

"நல்லது எண்டு நாய்க்குட்டியையும் சொல்லலாம். குலம் என்ன?"

"நாங்கள் வேதக்காரர் எல்லோ? எங்களுக்கென்ன குலம்?"

"ஞானஸ்நானம் பாவத்தைத்தான் கழுவும், பிள்ளை. பரம்பரையை இல்லை."

"அப்ப நாங்கள் சம்பூவராய் இருக்கிறம். ட்ராம் மணி அடிக்கிறதுக்கு அவருக்குக் குலம் தேவையில்லை."

சம்பூவர் என்றால் தாலியும் இல்லாமல் பூசையும் இல்லாமல் ஒரே வீட்டில் இருப்பவர்கள். இந்த நாட்டில் அதற்கு ஒரு மரியாதையான சொல் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் பையனின் தகப்பன் குர்மேல் சிங் ரெலிபோன் எடுத்தார். "மேடம், நாங்கள் பண்டோர்கள், சண்டைக்காரர் குலம். எங்கள் பதினான்கு தலைமுறையை மனப்பாடமாகச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

நீ பஞ்சாபில் முப்பது வருடம் படிப்பித்தவள். அவர்களின் ஊர் மலேர்கோட்லாவுக்குப் பக்கத்தில், பண்டோர் கலான். போய் விசாரி. தொண்ணூறில் மகன் சேவியர் காணாமல் போன பிறகு எனக்கு இருப்பது இவள் ஒருத்தி. தகுதியில்லாத இடத்தில் அவளைக் கொடுக்கமாட்டேன். தகுதியுள்ள இடமென்றால் இரண்டு கையாலும் கொடுப்பேன்.

உன் செபத்தில் என் முழங்காலையும் சேர்த்துக்கொள்.

அக்கா எமலின்

*

ஜலந்தர்
4 மார்ச் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறையை நான்தான் போட்டிருக்கிறேன். சந்தேகமென்றால் மதருக்கு எழுதிக் கேட்கலாம். இழுப்பு கோதுமை அறுக்கும் காலத்தில்தான் வரும்; இப்போது நன்றாக இருக்கிறேன். நீங்கள் பனியில் தனியே கடைக்குப் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அந்தப் பையன் எப்படிச் சிரிப்பான், எங்கள் பிள்ளையோடு எப்படிக் கதைப்பான் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

இங்கே வம்சம் கேட்பதென்றால் கோவில் ஏட்டைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் பரம்பரை பரம்பரையாக ஒரு பாடகர் குடும்பம் உண்டு; மிராசி என்பார்கள். முஸ்லிம்கள். சீக்கியக் குலத்தின் பெயர் வரிசை அவர்கள் நாவில்தான் இருக்கிறது. கலியாண வீட்டில் எழுந்து நின்று மூதாதையிலிருந்து மாப்பிள்ளைவரை பாடுவார்கள். பிரிவினையில் அநேகர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள்; மலேர்கோட்லாப் பக்கத்தில் மட்டும் மிச்சம் இருக்கிறார்கள்.

விசாரணை என்கிற வேலை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ரஞ்சனிக்காகப் போகிறேன்.

ஆண்டவர் உங்களைத் தாங்கிக்கொள்வாராக.

றோஸ்

*

குரோருட்
11 ஏப்ரல் 2003

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் பரவாயில்லை. பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். இந்த வயதில் ஏறாமல் எப்போது ஏறுவது என்று டொக்டரிடம் கேட்டேன். உன் இழுப்பு தொடங்கிவிட்டதா?

நீ கேட்டபடி பையனைப் பற்றி எழுதுகிறேன். போன ஞாயிறு ரஞ்சனி அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். உயரம். சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தான். பிட்டும் கணவாய்க் கறியும் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கியும் தண்ணீர் கேட்கவில்லை.

"உறைக்குதோ எண்டு கேள்," என்று ரஞ்சனியிடம் சொன்னேன்.

அவள் நோர்வேஜிய மொழியில் கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"பண்டோர்கள் கணவாய்க்கு முதுகு காட்டமாட்டினமாம், அம்மா."

எனக்கும் சிரிப்பு வந்தது; காட்டவில்லை. சாப்பிட்டு முடித்து முள்ளுக்கரண்டியையும் கரண்டியையும் அவன் தட்டில் வைத்த விதத்தில் எங்கள் கொன்வென்ர் மதர் பெனடிக்டா கூடக் குறை கண்டிருக்கமாட்டார்.

தகப்பன் கிழமைக்கொரு தடவை ரெலிபோனில் பெருமை பேசுகிறார். எழுபத்தோராம் ஆண்டு வசந்தத்தில் இங்கே வந்தாராம், தொழிற்சாலையில் இரும்பு தூக்கினாராம், இரண்டு வருடம் ஊர் முகமே பார்க்கவில்லையாம். தாய் சுர்ஜீத் கௌர் அதிகம் கதைப்பதில்லை என்று ரஞ்சனி சொல்கிறாள்.

வம்சம் சுத்தமென்று நீ எழுதினால் ஒக்டோபரில் கலியாணப் பூசை வைக்கலாம். கார்ட்டுக்குக் கடதாசிகூடப் பார்த்துவிட்டேன். தாமதிக்காதே.

அக்கா

*

ஜலந்தர்
19 மே 2003

அன்புள்ள அக்காவுக்கு,

இழுப்பு வந்து படுத்துவிட்டேன், அதனால்தான் தாமதம். இப்போது எழும்பி நடக்கிறேன். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

பண்டோர் கலானுக்குப் போனேன். மிராசியின் பெயர் ஷௌக்கத். வயலோரம் ஒரு கட்டிலில் என்னை இருத்தி, தான் நின்றுகொண்டு பாடினார். இருந்து சொன்னால் மூதாதையருக்கு மரியாதை இல்லையாம். பாலைவனத்துப் பக்கத்து அரசன் ஒருவனின் இளைய மகன் பண்டு, தமையனோடு கோபித்துக்கொண்டு குதிரையில் புறப்பட்டவன். குதிரை தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் இறங்கி ஊர் அமைத்தான். அவன் வழிதான் இவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடி பாட்டு. ஒருவன் வெட்டுப்பட்ட பிறகும் கோட்டை வாசல்வரை போனானாம். இன்னொருவன் மொகலாயருக்குக் குதிரை விற்று, அதே குதிரைகளை இரவில் திரும்பக் கொண்டுவந்தானாம். அதைப் பாடும்போது ஷௌக்கத் தானே சிரித்துவிட்டார்.

"பெண் பிள்ளைகள் பெயர் எங்கே?" என்று கேட்டேன்.

"அவர்களை வேறு குலத்து மிராசி பாடுவான், சிஸ்டர்ஜி," என்றார். அங்கேயும் அவர்களை யாரும் பாடுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பதின்மூன்றாம் தலைமுறையில் குர்மேல் சிங். அவர் மகன் ஹர்கீரத் பதினான்கு. பொய்யில்லாத மனிதர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நீங்கள் மனம் நிறைந்து ஆசீர்வதிக்கலாம், அக்கா. இதோடு விசாரணையை நிறுத்திவிடுங்கள்.

றோஸ்

*

குரோருட்
5 ஜூன் 2003

றோஸுக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

மே பதினேழாம் திகதி, ஊரெல்லாம் கொடி பிடித்துத் திரியும் தேசிய நாள், ஹர்கீரத்துக்கு முப்பத்தொரு வயது நிறைந்தது. ரஞ்சனி அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தாள். சுவரில் மாலை போட்ட ஒரு சிப்பாயின் படமாம். குர்மேலுக்கு மூத்தவர், கர்னைல் சிங். எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் இறந்தவர்.

வெட்டுப்பட்டவனையும் குதிரை திருடியவனையும் பாடுகிற மிராசி, உண்மையான யுத்தத்தில் செத்தவனை விட்டுவிட்டானா? அல்லது நீ விட்டாயா?

இன்னொன்று. குர்மேல் எழுபத்தொன்றின் வசந்தத்திலிருந்து எழுபத்துமூன்றுவரை ஒஸ்லோவைவிட்டு அசையவில்லை. அவர் வாயாலேயே சொன்னது. பிள்ளை எழுபத்திரண்டு மே மாதத்தில் ஊரில் பிறந்திருக்கிறது. நீ கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நீ எனக்குச் சொல்.

சின்ன வயதில் பாவசங்கீர்த்தனத்திலும் ஒன்றை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்கிறவள் நீ. திரும்பப் போ. முழுவதையும் எழுது.

அக்கா எமலின்

*

ஜலந்தர்
20 ஜூலை 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். மாத்திரை போடுகிறீர்களா?

திரும்பப் போகத் தேவையில்லை. ஷௌக்கத் முதல் நாளே முழுவதையும் பாடினார். நான்தான் மாற்றி எழுதினேன். அவர் பாடியது, "கர்னைலின் மகன் ஹர்கீரத்."

கர்னைல் லீவில் வந்து திரும்பிப் போய், டிசம்பரில் இறந்தார். அப்போது சுர்ஜீத் கௌருக்கு இருபத்திரண்டு வயது, வயிற்றில் பிள்ளை. எழுபத்துமூன்றில் குர்மேல் ஊருக்கு வந்தபோது பெரியவர்கள் முற்றத்தில் கூடி, தமையனின் விதவைமேல் தம்பியை ஒரு சால்வை போடச் சொன்னார்கள். இங்கே அதுதான் கலியாணம். மேளமில்லை, பந்தலில்லை. விதவையை வெளியே விடாமலும், செத்தவனின் பெயரை அழியவிடாமலும் வைத்திருக்க இவர்கள் கண்ட வழி. வளர்ப்பவன் குர்மேல், வம்சம் கர்னைலுடையது. ஊரில் யாரும் இதை ஒளிப்பதில்லை, பையனுக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா முன்னிலையில் யாரும் இதைப் பேசுவதுமில்லை. ஒரு வருடம் அவர் குர்மேலோடு பேசவில்லையாம். பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. அதற்கு என்ன அர்த்தமென்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களுக்கு இது எப்படிப் படும் என்று எனக்குத் தெரியும். அத்தான் போன பிறகு நீங்கள் வெள்ளையைத் தவிர வேறொன்று உடுத்தவில்லை. அதில் உங்களுக்கு ஒரு நிமிர்வு இருக்கிறது. அந்த அம்மாவை யாரும் விருப்பம் கேட்கவில்லை, அக்கா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

றோஸ்

*

குரோருட்
12 செப்டெம்பர் 2003

அன்புத் தங்கைக்கு,

பிரஷர் ஏறித் தலை சுற்றுகிறது. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உன் இழுப்பைப் பற்றி எழுதவில்லையே.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். குறொன்லாண்டுக் கடைகளில் தேடி முருங்கைக்காய் வாங்கினேன். அவர்கள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்கள் என்பதால் ஆடும் மீனும். மேசைக்கு உன் அத்தான் கொழும்பில் வாங்கிய வெள்ளைத் துணி விரித்தேன். நாப்கின்களை நாங்கள் கொன்வென்ரில் மடித்த மாதிரி மடித்தேன். குர்மேல் சிங் இரண்டு தடவை மீன் எடுத்தார். சுர்ஜீத் கௌர் ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டி மட்டும் எடுத்தார்.

கார்ட் அச்சடிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தாய் கேட்க வேண்டியதைத்தான் கேட்டேன்.

பாயாசம் வைக்கமுதல் எழும்பிப் போய்விட்டார்கள். ரஞ்சனியும் அவர்களோடு போனாள். நான்கு நாள் கழித்து, நான் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

உனக்கு ஏதும் எழுதினாளா? எழுதினால், அவள் சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுக்காதே.

அக்கா

*

ஒஸ்லோ
28 செப்டெம்பர் 2003

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

எப்படிச் சுகமாக இருக்கிறீர்கள்? எனக்குத் தமிழ் எழுதிக் கனகாலம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தோழி வீட்டில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அம்மா உங்களுக்கு என்ன எழுதினார் என்று தெரியாது. நடந்தது இதுதான். மாதிரிக் கார்ட் ஒன்றை மேசையில் வைத்து, பேனையைத் திறந்துகொண்டு, ஹர்கீரத்தின் தாயைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "மாப்பிள்ளையின் தகப்பன் என்று இரண்டு சகோதரர்களில் எவருடைய பெயரைப் போடுவது?"

ஹர்கீரத்தின் தாய்க்கு ஆங்கிலம் பெரிதாகத் தெரியாது, ஆனால் விளங்கிவிட்டது. துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டு, தனக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருக்கும் அரைகுறை நோர்வேஜிய மொழியில், மெதுவாகச் சொன்னார்: "அவர் நல்லவர். இரண்டு பேரும் நல்லவர்கள்."

"அதை நான் கேட்கேல்லை," என்று அம்மா தமிழில் சொன்னார். என்னைப் பார்த்து, "மொழிபெயர், பிள்ளை," என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. ஹர்கீரத் தாயின் கதிரையை இழுத்துவிட்டார். குர்மேல் சிங், எவ்வளவு பேசுகிற மனிதர், வாசலில் தன் சப்பாத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றார். அது அவர் காலடியில்தான் இருந்தது.

ஹர்கீரத் என்னில் கோபப்படவில்லை, சின்னம்மா. கோபப்பட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். "என் அம்மாவை இன்னொரு தரம் உன் அம்மாவுக்கு எதிரில் இருத்த என்னால் ஏலாது. உன் அம்மாவை விட்டுவிட்டு வா என்று கேட்கவும் ஏலாது," என்றார். நாங்கள் ட்ராம் கடைசித் தரிப்பில் நின்று கதைத்தோம். அவ்வளவுதான்.

பேர்கனில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது. போகிறேன். அம்மாவுக்கு விலாசம் கொடுத்திருக்கிறேன், நம்பர் கொடுக்கவில்லை. அவர் செய்ததைப் பற்றி அவருக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். சொல்லிப் பயனில்லை.

அன்புடன்,
ரஞ்சனி

*

குரோருட்
1 நவம்பர் 2003

அன்பு மகள் ரஞ்சனிக்கு,

பேர்கனில் மழை விடாது என்கிறார்கள். உன் நீல ஜக்கெற்றை விட்டுவிட்டுப் போய்விட்டாய், பார்சலில் அனுப்புகிறேன். இரவு வேலை செய்தால் விடிய ஏதாவது சூடாகக் குடி.

நான் யோசித்துப் பார்த்தேன். கார்ட்டில் குர்மேல் சிங்கின் மகன் என்று போட எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்கள் அப்படித்தான் வழங்குகிறார்கள் என்றால் அப்படியே இருக்கட்டும். இதை நீ அவர்களுக்குச் சொல்லலாம். ஒக்டோபர் போய்விட்டது, உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பார்க்கலாம்.

பதில் போடு.

அம்மா

*

ஜலந்தர்
16 பெப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. தலைச்சுற்று குறையவில்லை என்று வாசித்து வருந்தினேன். என் உடம்பு வழமைபோல.

ரஞ்சனி பதில் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் எழுதியதற்கும் போடவில்லை. இன்னொன்றை நீங்கள் வேறு யாரிடமும் கேட்கமுதல் நானே சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை பண்டோர் கலானில் ஹர்கீரத்துக்குக் கலியாணம் முடிந்தது. பெண் லூதியானாப் பக்கம், பள்ளிக்கூட ஆசிரியை. சுர்ஜீத் கௌர் மடத்துக்கு ஆள் அனுப்பி என்னை அழைத்தார். போனேன். என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். ரஞ்சனியைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார், "அங்கே அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?" ஷௌக்கத் எழுந்து நின்று பதினான்கு தலைமுறையும் பாடினார்.

அறுபத்திரண்டில் எனக்குப் பேசிய மாப்பிள்ளையின் குலத்தை விசாரித்து மன்னாருக்கு நீங்கள் எழுதினீர்கள், அக்கா. அவர்கள் பேச்சை முறித்தார்கள். நான் மடத்துக்கு வந்தேன். ஆண்டவர் என்னை ஏற்றுக்கொண்டதால் அதைப் பற்றி இவ்வளவு காலமும் நான் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைக்குப் போக ஒரு மடமும் இல்லை.

றோஸ்

*

குரோருட்
18 ஏப்ரல் 2004

அன்பு றோஸுக்கு,

மாத்திரை போடுகிறேன். நீ நலமாக இரு.

மன்னாரைப் பற்றி நீ எழுதியதைப் பல தடவை வாசித்தேன்.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிந்திய செவ்வாய் சுர்ஜீத் கௌர் வீட்டுக்குப் போனேன். பஸ் இறங்கி வழி கேட்டுக் கேட்டுப் போனேன். அவரே கதவைத் திறந்தார். என் கோட்டை வாங்கி மாட்டினார். பாலில் காய்ச்சிய தேநீர் தந்தார். சீனி போதுமா என்று கேட்டார். மருமகள் ஊரிலிருந்து வருவதற்கு இன்னும் சில மாதம் எடுக்குமாம். குர்மேல் சிங் உள்ளறையில் இருந்தார். இருமல் கேட்டது, வெளியே வரவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நோர்வேஜிய மொழியில் அதற்கு என்ன சொல்வதென்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் எழும்பி, ஒரு தரம் பிஸ்கட், ஒரு தரம் இன்னும் கொஞ்சம் தேநீர் என்று கொண்டுவந்தார். ஒரு விருந்தாளிக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார். என்னைச் சொல்ல மட்டும் விடவில்லை. வாசலில் கோட்டை அவரே எனக்குப் போட்டுவிட்டார். சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

பேர்கன் ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்தேன். மரியரஞ்சனி இப்போது அங்கே வேலை செய்வதில்லை என்றார்கள். எங்கே என்று கேட்டேன். தாய் என்றும் சொன்னேன். அது அவளுடைய சொந்த விஷயம், சொல்ல எங்களுக்கு உரிமையில்லை என்றார்கள். ஜக்கெற் பார்சல் பிரிக்காமல் திரும்பி வந்திருக்கிறது.

நேற்று உட்கார்ந்து எங்கள் பெயர்களை எழுதிப் பார்த்தேன். பப்பாவின் பாட்டனாரில் தொடங்கி சேவியர், ரஞ்சனி வரைக்கும் வந்தது. பேனையை மூடிவிட்டேன்.

அவள் உனக்கு என்ன எழுதினாள் என்று இனிக் கேட்கமாட்டேன். எங்கே இருக்கிறாள் என்றும் கேட்கமாட்டேன். எழுதினாளா என்று மட்டும் சொல். ஒரு சொல் போதும். நீ மாற்றி எழுதினாலும் இந்த முறை நான் கணக்குப் பார்க்கமாட்டேன்.

எமலின்

*

ஜலந்தர்
9 மே 2004

அக்கா,

எழுதவில்லை.

றோஸ்